ஐம்பத்தொன்றாவது வளைவு

திறந்தவெளியில் படம் விற்கிறவனுக்கு வெயில்தான் முதல் எதிரி. நாமக்கல் ஞாயிற்றுக்கிழமை கலைச் சந்தையில் பதினோரு மணிக்கு மேல் கேன்வாஸில் கை வைக்க முடியாது. சந்தை முழுக்கத் தேடினாலும் ஒரே ஒரு புங்கமரம். அதன் அடியில் ஒன்பது வருடமாக நான்தான் படம் மாட்டினேன்.

மலைமேல் செம்மேட்டிலிருந்து முதன்முதலில் படங்களை ஏற்றிக்கொண்டு கீழே போனவன் இந்தத் தேவராஜ். பிக்கப் வண்டி என்னுடையது. மலையில் யார் வரைந்தாலும் அதில்தான் இறங்கும். நான் வரைவது ஆகாயகங்கை அருவி ஒன்றை மட்டும். இருநூறு தடவை வரைந்திருப்பேன், ஒரு துளி பிசகியிருக்காது.

எங்கள் மலையிலேயே குண்டூர் நாட்டுக் கோகிலா இரண்டு வருடத்துக்கு முன்புதான் வந்து சேர்ந்தாள். பஸ் ஜன்னலில் தெரிகிற முகங்களை வரைவாள். மரவள்ளி மூட்டையைக் கட்டிக்கொண்டு தூங்குகிறவர், வாந்தியை அடக்கிக்கொண்டிருக்கிற புதுப்பெண். அதைப் பார்க்கக் கூட்டம் நின்றது. என் அருவியைத் தாண்டிப் போய் நின்றது. இந்த வருடம் சந்தைக் கமிட்டி மரத்தடியை அவளுக்கு ஒதுக்கிவிட்டது. எனக்கு வெட்டவெளி. வயிறு எரிந்தது, அதை நான் மறைக்கவில்லை.

அதைக்கூடப் பொறுத்திருப்பேன். அந்த ஞாயிறு வண்டியில் நாங்கள் இரண்டு பேர்தான். அவள் சொன்னாள்: "அண்ணா, நீங்களும் எங்கூடவே மாட்டிக்குங்க. நெழலு ரெண்டு பேருக்கும் போதுமுங்க."

என் இடத்தை எனக்கே பிச்சை போட்டாள். நல்ல மனதோடுதான் சொன்னாள், அதுதான் எனக்கு ஆறவில்லை.

எழுபது கொண்டை ஊசி வளைவு, அடிவாரத்திலிருந்து எண்ணி ஒவ்வொன்றுக்கும் நம்பர் பலகை. ஐம்பத்தொன்றில் குமட்டுகிறது என்று இறங்கினாள். தடுப்புச் சுவரில் சாய்ந்து குனிந்தவள் நிலைதவறி விழுந்தாள். நான் தொடவில்லை. அதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். எட்டிப் பார்த்தேன். முப்பதடி கீழே புதருக்குள் கிடந்தாள்.

"காலு ஒடஞ்சு போச்சுங்கண்ணா. கயிறு போடுங்க."

கயிறு இருந்தது. படங்களைக் கட்டியிருந்தது. அவிழ்த்தால் பதினாறு படமும் சரிந்து கீறல் விழும், அதில் அவளுடையதும் உண்டு. சந்தை ஒன்பதுக்குத் திறக்கிறது. வண்டியை எடுத்தேன். பஸ்ஸில் போகிறவர்களுக்கு எஞ்சின் சத்தத்தில் எதுவும் கேட்காது. அன்று மரத்தடியில் இரண்டு அருவி விற்றது.

சாயங்காலம் அவள் கணவன் சின்னராசு வந்தான். "ஏனுங்க, கோகிலா எங்கீங்க?" இருபத்திரண்டாவது வளைவில் இறங்கிக்கொண்டாள், பின்னால் பஸ்ஸில் வருவதாகச் சொன்னாள் என்றேன். ஊரே இருபத்திரண்டுக்குக் கீழே இறங்கித் தேடியது. மூன்றாம் நாள் விறகுக்குப் போனவர்கள்தான் மேலே அவளைப் பார்த்தார்கள். இரண்டாம் நாள் சாயங்காலம் வரை உயிர் இருந்தது என்று டாக்டர் சொன்னதாக நீங்கள்தான் சொன்னீர்கள், இன்ஸ்பெக்டர்.

வாய் தவறி மாற்றிச் சொன்னாயா என்று கேட்கிறீர்கள். இந்த மலையில் வண்டி ஓட்டுகிறவன் பெற்ற பிள்ளையின் பெயரை மறந்தாலும் வளைவு நம்பரை மறக்கமாட்டான். தெரிந்தேதான் சொன்னேன். கண்டுபிடித்திருந்தால் அடுத்த ஞாயிறு கட்டுப்போட்ட காலோடு வந்து உட்கார்ந்திருப்பாள்.

ஆனால் ஈவிரக்கமில்லாதவன் என்று மட்டும் எழுதாதீர்கள். அந்த இரண்டு நாளும் அவர்களோடு நானும் பள்ளத்தில் இறங்கினேன். எல்லோரையும்விடச் சத்தமாக அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது நான்தான். தொண்டையே கட்டிப்போய்விட்டது. வேண்டுமானால் சின்னராசுவிடம் கேட்டுப் பாருங்கள்.