தலைமாட்டில் இரண்டு அடி

ஒரு ஜிம்முக்குள் முதலில் இடம் பிடிக்கவேண்டியது கண்ணாடி, ஐயா. வருகிறவன் தன்னைப் பார்க்கத்தான் வருகிறான், மற்றதெல்லாம் பிறகு. ஓடும் மெஷின்களை வாசல் பக்கம் வைத்தால் தெருவில் போகிறவனுக்கும் ஆசை வரும். பாரம் தூக்கும் வாங்கை, அதுதான் படுக்கும் பெஞ்சை, பின்பக்கம் வைக்கலாம், ஆனால் தலைமாட்டில் இரண்டு அடி விடவேண்டும். படுத்துத் தூக்குகிறவனுக்குக் கை தளர்ந்தால் கம்பியைப் பிடித்துக்கொடுக்க ஒருவன் நிற்க வேண்டுமே. இருபத்தொரு வருடமாகக் கட்டிடங்களுக்குப் படம் கீறுகிறேன். எனக்கு இது தெரியாமலா?

நீங்கள் திடீர் மரண விசாரணை அதிகாரி. உங்கள் அறிக்கையில் என் படத்தைப் பற்றி, 'அனுபவமில்லாதவரின் கவனக்குறைவு' என்று எழுதியிருக்கிறீர்கள். அதை வாசித்துவிட்டுத்தான் வந்தேன். என் படத்தில் பிழை இல்லை.

செத்துப்போன சதீசன் என் மனைவி யசோதினியின் ஒரே தம்பி. எங்கள் பக்கம் வீடு பெண்ணுக்குத்தான்; அவளைக் கல்யாணம் முடித்தவன் அங்கே போய்க் குடியிருப்பான். நானும் அப்படித்தான் கடலோரச் செட்டிபாளையத்துக்கு வந்தேன். சுனாமி அந்த வீட்டை அள்ளிக்கொண்டு போனபின் அக்காவுக்காகக் கல் சுமந்து திரும்பக் கட்டியவன் சதீசன். ஆனால் அவன் கட்டிய வீட்டுக்குள் அவன் கால் வைக்க யசோதினி விடவில்லை. எங்கள் மகள் விதுர்ஷாவுக்குச் சுனாமி அன்று ஆறு வயது. அலையில் அவளை விட்டவன் அவன்தான் என்று ஊருக்கே தெரியும். அவனே அழுதபடி வந்து சொன்னான்: "அக்கா, என்ட கைதான் வழுக்கிட்டு."

ஐந்தரை வருடம் அவள் தம்பியின் முகம் பார்க்கவில்லை. அவனுக்கோ கைப்பலத்தில் ஒரு பித்து பிடித்தது. நாட்டுச் சண்டை முடிந்து ஊர் கொஞ்சம் மூச்சு விட்டதும் பழைய நெல் களஞ்சியம் ஒன்றை எடுத்து ஜிம் போடப்போகிறேன் என்றான். படத்தை என்னிடமே தந்தான். முதல் படத்தில் எல்லாம் ஒழுங்கு. தலைமாட்டில் இரண்டரை அடியே விட்டிருந்தேன்.

பிறகு அவனுக்குக் கல்யாணம் பேசினார்கள். ஒருநாள் களஞ்சியத்தில் அளவு நாடாவின் மறுமுனையைப் பிடித்தபடி சொன்னான்.

"அத்தான், அக்கா வராம நான் தாலி கட்ட மாட்டன். நடந்த உண்மைய ஆவணிக்குள்ள நீங்களே சொல்லிருங்க. உங்களுக்கு ஏலாட்டி நான் சொல்றன்."

"ஓம், சொல்றன்" என்றேன். நாடாவைச் சுருட்டினேன்.

அவன் கேட்டது நியாயம். ஆனால் வீடு அவளுடையது. அவள் போ என்றால் நான் சட்டையை மாட்டிக்கொண்டு தெருவில் நிற்கவேண்டியதுதான். அடுத்த நாள் படத்தை மாற்றினேன். வாங்கு பின்மூலைக்குப் போனது. ஒரு பக்கம் தூண், மறு பக்கம் சுவர். ஏழடிக் கம்பிக்கு ஏழேகால் அடி இடம். கம்பியைச் சரித்துத் தட்டுகளை விழுத்த முடியாது. தலைமாடு சுவரோடு ஒட்டியது. சுவருக்கு அந்தப் பக்கம் ஜெனரேட்டர். இடம் மிச்சம் என்றேன். சதீசன் என் படத்தை ஒருநாளும் கேள்வி கேட்டவனில்லை; அப்படியே ஜிம்மைப் போட்டுத் திறந்தான்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எனக்குச் சோறு ஒழுங்காகவே இறங்கியது.

ஆடி கடைசியில் ஒரு மத்தியானம், எல்லோரும் சாப்பிடப் போனபின், கரண்ட் இல்லாமல் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தபோது போனேன். அவன் தனியாகத் தூக்கிக்கொண்டிருந்தான். "உனக்கு இது காணுமா?" என்று சிரித்து, பக்கத்துக்குப் பத்துக் கிலோ நானே போட்டேன். அவனும் சிரித்தான். நாலாவது தரம் கம்பி கழுத்தில் இறங்கியது. தலைமாட்டில் நிற்க இடமில்லை, அதை நீங்களே அளந்தீர்கள். நான் கால்மாட்டில் நின்றேன். மனம் வைத்தால் அங்கிருந்தும் தூக்கலாம். அவன் ஒரு கையை எடுத்து என்னிடம் நீட்டினான். அந்தக் கை விழும்வரை நின்றுவிட்டு வெளியே வந்து சப்பாத்தை மாட்டினேன்.

செத்தவீட்டுக்கும் யசோதினி போகவில்லை. "புள்ளய விட்ட கை மண்ணுக்குள்ள போனா நல்லம்" என்றாள். அப்படிச் சொல்லக்கூடாது என்று நான்தான் அவளைத் தேற்றினேன்.

அலை வந்தபோது என் ஒரு கையில் தென்னை, மறு கையில் விதுர்ஷா. மரத்துக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது, ஐயா. சதீசன் தள்ளி ஒரு கூரையில் தொங்கிக்கொண்டிருந்தான்; நான் விட்டதைக் கண்டு தண்ணீரில் பாய்ந்தான், அவள் எட்டவில்லை. அக்காவின் குடும்பம் குலையக்கூடாதென்று பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டான். நல்ல பிள்ளை. விதுர்ஷாவும் அன்று அப்படித்தான், சத்தம் போடவில்லை, கையை மட்டும் நீட்டினாள்.

படத்தில் பிழை இல்லை என்று திருத்தி எழுதுங்கள். யசோதினியிடம் மட்டும், தம்பிக்குக் கை வழுக்கிவிட்டது என்று சொல்லுங்கள்.