அவசரப்படுத்தினால் அது பொய்

கணினி மெதுவாக ஓடினால் உடனே வைரஸைச் சந்தேகிக்க வேண்டாம். பாதி வீடுகளில் தூசிதான் காரணம். மூடியைக் கழற்றினால் விசிறியைச் சுற்றிப் பூனை முடியும் சிகரெட் சாம்பலும் கம்பளி விரித்ததுபோல் கிடக்கும். உங்கள் மேசையில் இருக்கிறதே, அதுவும் தூசி அடைத்த சத்தம்தான் போடுகிறது. யாரையாவது திறந்து துடைக்கச் சொல்லுங்கள்.

முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். சொல்கிறேன்.

என் பெயர் வென்சிஸ்லாவ். டான்யூப் ஆற்றங்கரையில் இருக்கும் நம் லோம் ஊரில் எல்லோருக்கும் வென்சி. பம்பு ஆலை மூடும்வரை அங்கே மின்சாதனப் பிரிவில் இருந்தேன். ஆலை மூடிய பிறகு ஆண்களில் பாதிப் பேர் குடிக்குப் போனார்கள், மீதிப் பேர் வெளிநாட்டுக்குப் போனார்கள். எங்கள் வீட்டில் போனது என் மனைவி ஸ்னெஷானா. இத்தாலியில் ஒரு கிழவரைப் பார்த்துக்கொள்ளும் வேலை. முதல் வருடம் ஞாயிறுதோறும் பேசினாள். நான்காம் வருடம், "வென்சி, இனிமே கூப்பிடாத. நான் இங்க வேற மாதிரி வாழ்ந்துக்கிட்டு இருக்கேன்" என்றாள். சரி என்றேன். அனுதாபத்துக்காக இதைச் சொல்லவில்லை. குடும்பம் உண்டா என்று கேட்டீர்கள், அதனால் சொன்னேன்.

ஆட்கள் குறையக் குறைய ஊரில் கணினிகள் பெருகின. பிள்ளைகள் கோடை விடுமுறைக்கு வரும்போது, முகம் பார்த்துப் பேசலாம் என்று பழைய கணினி ஒன்றை வாங்கி வைத்துவிட்டுப் போவார்கள். பெற்றவர்களுக்கு அதை அணைக்கக்கூடத் தெரியாது. ஆகவே நான் வீடு வீடாகப் போக ஆரம்பித்தேன். அந்த வருடங்களில் போலி ஆன்டிவைரஸ்தான் பெரிய தொல்லை. திரையில் சிவப்புக் கேடயம் ஒன்று தோன்றும். உங்கள் கணினியில் முப்பத்தெட்டு வைரஸ் இருக்கிறது, உடனே பணம் கட்டினால் சுத்தம் செய்கிறேன் என்று கத்தும். வைரஸ் அதுதான், வைத்தியன் வேடமும் அதுதான்.

நெவெனா அத்தையை அப்படித்தான் அறிந்தேன். ரயில் நிலையத்தில் முப்பது வருடம் டிக்கெட் கொடுத்தவர், எழுபத்திரண்டு வயது, கணவர் இல்லை. நான் இருக்கும் அதே கட்டடத்தில் ஐந்தாம் மாடி. நான் போனபோது மேசையில் கணினி இல்லை. பனி பெய்யும் பால்கனியில், முட்டைக்கோஸ் உப்பில் ஊறும் பீப்பாய்க்குப் பக்கத்தில், போர்வை போர்த்தி வைத்திருந்தார்.

"ஏன் அத்தை வெளியில வச்சீங்க?"

"வைரஸ்ங்குதே, வென்சி. எனக்கு ஏற்கெனவே நெஞ்சு சரியில்ல. வீட்டுக்குள்ள வச்சா ஒட்டிக்காதா?"

நான் சிரித்தேன். பிறகு அவரும் சிரித்தார். அந்த வீட்டில் யாரோ சிரித்து நாளாகியிருக்கும் என்று தோன்றியது. என் வீட்டிலும் அப்படித்தான்.

வேலை அரை மணி நேரம். கணினியைப் பாதுகாப்பு நிலையில் தொடங்கி, ஓடிக்கொண்டிருந்த திருட்டு நிரலை நிறுத்தி, அது ஒளிந்திருந்த கோப்புறையை அழித்து, கணினியோடு சேர்ந்து அது விழித்துக்கொள்ளாதபடி தொடக்கப் பட்டியலிலிருந்து அதன் பெயரை நீக்க வேண்டும். ஸ்பெயினில் இருக்கும் மகள் ரலிட்சாவின் படங்கள் எல்லாம் பத்திரமாக இருந்தன. அத்தைக்குக் கண் கலங்கிவிட்டது. கிளம்பும்போது ஒரு விதி சொல்லிக் கொடுத்தேன்: எது உங்களைப் பயமுறுத்தி அவசரப்படுத்துகிறதோ அது பொய். எதையும் தொடாதீர்கள், என்னைக் கூப்பிடுங்கள். அவர் அதைப் பெரிய எழுத்தில் எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டினார். எல்லா வாடிக்கையாளர்களுக்கும் நான் சொல்வது அதுதான். நல்ல விதி.

அடுத்த வியாழக்கிழமை, கணினி மெதுவாக இருக்கிறது என்று கூப்பிட்டார். குடைமிளகாய்க்குள் சோறும் இறைச்சியும் அடைத்துச் சமைத்திருந்தார். கணினியைச் சரிசெய்து முடிக்க இரவு எட்டு மணி ஆகிவிட்டது, ஏனென்றால் பேசிக்கொண்டே இருந்தோம். அதற்கு அடுத்த வியாழனும் போனேன். அந்தக் கணினிக்குத் தேவைப்பட்டது ஒரு நினைவகச் சில்லு மட்டுமே, என் மேசை இழுப்பறையில் ஒன்று கிடந்தது. பொருத்தியிருந்தால் ஒரே நாளில் வேலை முடிந்திருக்கும். எட்டு மாதம் நான் அதைப் பொருத்தவில்லை. வசந்தத்தில், பத்து நாளுக்கு ஒருமுறை கணினியைத் திணறடிக்கும் சிறு நிரல் ஒன்றையும் உள்ளே வைத்தேன். யாருக்கும் அதனால் நஷ்டமில்லை. அவரிடம் நான் கூலி வாங்கியதே இல்லை.

எங்கள் கட்டடத்தில் நாற்பது வீடுகள். அந்தக் குளிர்காலத்தின் தொடக்கத்தில் மாலையில் விளக்கு எரிந்தவை பதினொன்று. நான் வெளியில் நின்று பார்ப்பேன். வெள்ளி முதல் புதன் வரை சில வாரங்களில் என் வாயிலிருந்து வரும் ஒரே வார்த்தை, ரொட்டிக் கடையில் "ஒண்ணு" என்பது. வியாழன் வந்தால் சவரம் செய்துகொள்வேன்.

நவம்பரில் ஒரு வியாழன் கதவைத் திறந்தபோதே அத்தையின் முகம் சிவந்திருந்தது.

"வென்சி, வந்து படி! ரலிட்சா என்னை ஒரேயடியா கூப்பிடுறா. தனி ரூம் இருக்காம், ஜன்னலைத் திறந்தா ஆரஞ்சு மரமாம். பேத்தி எனக்குன்னு அலமாரியைக் காலி பண்ணி வச்சிருக்காளாம்."

படித்தேன். அம்மா, குளிர் கடுமையாகும் முன்னால் வந்துவிடு, விடுமுறைக்குள் டிக்கெட் விலை ஏறிவிடும், இன்றைக்கே பாஸ்போர்ட் எண்ணை அனுப்பு. ஸ்பானிய விசைப்பலகையில் நம் சிரிலிக் எழுத்து இல்லாததால் எல்லாம் லத்தீன் எழுத்தில் இருந்தது. ரலிட்சா அதிகம் மடல் எழுதுபவள் அல்ல, முகம் பார்த்துப் பேசுவதுதான் வழக்கம்.

என்னை அறியாமல் வாயில் வந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். யோசித்தேன். அவர் காபி போட்டு முடிக்கும்வரை யோசித்தேன்.

"அத்தை, இது ரலிட்சா எழுதினது இல்ல."

"என்னடா சொல்ற? அவ பேர்லதானே வந்திருக்கு?"

"பேரைத் திருடுறது சுலபம். பாருங்க, இன்னைக்கே அனுப்புங்கறான். பாஸ்போர்ட் நம்பர் கேக்குறான். எழுத்தைப் பாருங்க, நம்ம எழுத்தே இல்ல. நான் என்ன சொல்லியிருக்கேன்?"

அவர் திரையின் ஓரத்தில் ஒட்டிய காகிதத்தைப் பார்த்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தார். "அலமாரின்னு எழுதியிருந்தானே. பேத்தி இருக்கான்னு எப்படித் தெரியும் அவனுக்கு?" என்று மெதுவாகக் கேட்டார். எல்லாவற்றையும் படித்திருப்பார்கள் என்றேன். "எவ்வளவு கெட்டவங்க" என்றார். ஆமாம் என்றேன்.

அதன் பிறகு செய்ய வேண்டியவற்றை ஒழுங்காகச் செய்தேன். திருடர்கள் கணக்கைப் பிடித்துவிட்டார்கள் என்று சொல்லி, முகம் பார்த்துப் பேசும் நிரலை நீக்கினேன். ஊரில் கிழவிகளைத் தொலைபேசியில் அழைத்து, மகள் குரலில் அழுது ஏமாற்றும் கும்பலைப் பற்றி உங்களுக்கே நன்றாகத் தெரியும். அதைச் சொல்லி கைபேசிக்குப் புது எண் வாங்கிக் கொடுத்தேன். அந்த எண் எனக்கு மட்டும் தெரியும். ரலிட்சாவின் எண்ணும் திருடர்கள் கையில் இருக்கிறது, கூப்பிடாதீர்கள் என்றேன். கடைசியாக அத்தையின் கணக்கிலிருந்து ரலிட்சாவுக்கு எழுதினேன்: என்னைத் தனியே விட்டுப் போனவள் நீ, இப்போது வேலைக்காரி தேவைப்படுவதால் கூப்பிடுகிறாய், இனி எழுதாதே. எழுதுவது கடினமாக இல்லை. ஸ்னெஷானாவுக்கு எழுதி அனுப்பாமல் வைத்திருந்த மடல்கள் என்னிடம் நிறைய இருந்தன.

ரலிட்சா விடவில்லை. பதினேழு மடல்கள் வந்தன. கடவுச்சொல் என்னிடம் இருந்ததால் என் வீட்டிலிருந்தே, அத்தை பார்க்கும் முன் அழித்தேன், ஆனால் ஒவ்வொன்றையும் படித்தேன். 'அம்மா, நான் என்ன தப்பு செய்தேன், சொல்லு, மண்டியிட்டு மன்னிப்புக் கேட்கிறேன்' என்று ஒன்று. அத்தையோ ஒவ்வொரு வியாழனும் கோட்டைக் கழற்றக்கூட விடாமல் கேட்பார்.

"நிஜ ரலிட்சா ஏதாவது எழுதினாளா?"

"இந்த வாரம் இல்ல அத்தை."

கிறிஸ்துமஸுக்கு அவர் சமைக்கவில்லை. எடை குறைந்துகொண்டே வந்தார். "எம் பொண்ணு என்னை மறந்துட்டா வென்சி. திருடனாவது என்னைத் தேடி எழுதினான்" என்றார் ஒருநாள். நான் வாரத்தில் மூன்று நாள் போக ஆரம்பித்தேன், பிறகு தினமும். பீன்ஸ் சூப் வைத்து ஊட்டினேன். அந்த நிலையில் அவரைத் தனியாக விட யாருக்குத்தான் மனம் வரும்?

பிப்ரவரியில் டான்யூப் ஆறு உறைந்தது. அந்த வாரம்தான் கடைசி மடல். புதன்கிழமை வருகிறேன், ஞாயிறு வரை இருப்பேன், நீ கதவைத் திறக்காவிட்டால் படியில் உட்கார்ந்திருப்பேன்.

செவ்வாய் காலை அத்தையிடம் போனேன்.

"அத்தை, அந்தக் கும்பல் நேர்லயே வருது. போலீஸ்கிட்ட சொல்லிட்டேன், அவங்க பிடிச்சுக்குவாங்க. அஞ்சு நாள் எங்கப்பா திராட்சைத் தோட்டத்து வீட்டுல இருந்துட்டு வருவோம்."

"என் வீட்டை விட்டு நான் எதுக்கு ஓடணும்? நான் என்ன திருடியா?"

"கிளம்புங்க அத்தை, நேரமில்ல."

அவசரத்தில் நெஞ்சு மாத்திரையில் ஒரே ஒரு அட்டையைத்தான் எடுத்தார். மாத்திரை வாங்கக் காட்ட வேண்டிய மருந்துச் சீட்டுப் புத்தகம் மேசையிலேயே இருந்துவிட்டது. கைபேசியை நான் வாங்கி அணைத்து வைத்தேன், இருக்குமிடத்தைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று.

தோட்டத்து வீட்டில் அடுப்பை அணையவிடவில்லை. அதில் நீங்கள் குறை சொல்ல முடியாது. வியாழன் இரவோடு மாத்திரை தீர்ந்தது. வெள்ளிக்கிழமை காலை நெஞ்சில் கல் வைத்ததுபோல் இருக்கிறது என்றார். மாத்திரை எடுத்து வரக் கார் எடுத்துக்கொண்டு ஊருக்கு வந்தேன்.

ஐந்தாம் மாடிப் படியில் ரலிட்சா உட்கார்ந்திருந்தாள். படங்களில் பார்த்ததைவிட மெலிந்திருந்தாள். பச்சைக் கோட்டு, மடியில் ஒரு பை, கீழுதட்டைக் கடித்துக்கொண்டே இருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள்.

"அண்ணே, நீங்க இந்தக் கட்டடமா? எங்கம்மா, நெவெனா, எங்க போனாங்கன்னு தெரியுமா? மூணு நாளா தட்டுறேன்."

சாவி என் பையில் இருந்தது. கையால் அதைப் பிடித்திருந்தேன்.

"ஸ்பெயினுக்குப் போயிருக்காங்களே. மக வீட்டுக்குப் போறேன்னு சொன்னாங்க."

அவள் என்னைப் பார்த்தாள். "நான்தான் அந்த மக" என்றாள். பிறகு சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டாள். நான் படியிறங்கினேன். மருந்துக்கடையில் சீட்டுப் புத்தகம் கேட்டார்கள். இல்லை என்றேன். ரொட்டி வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

அத்தை கட்டிலில் சாய்ந்திருந்தார். மாத்திரை எங்கே என்று கேட்கவில்லை. "யாராவது வந்திருந்தாங்களா?" என்றுதான் கேட்டார். ஆமாம், கும்பல் அனுப்பிய ஒரு பெண் படியில் உட்கார்ந்திருக்கிறாள் என்றேன்.

"எப்படி இருந்தா?"

பச்சைக் கோட்டு என்றேன். ஒல்லியாக இருந்தாள், உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள் என்றேன். ஏன் அதைச் சொன்னேன் என்று தெரியவில்லை. அவரிடம் நான் எதையும் மறைத்துப் பழக்கமில்லை.

தலையணையிலிருந்து தலையைத் தூக்கினார்.

"கீழுதட்டையா?" என்றார்.

"ஆமா."

"சின்ன வயசுல அடிச்சாக்கூட விடமாட்டா அந்தப் பழக்கத்தை." பிறகு என் சட்டையைப் பிடித்தார். "வென்சி, என் புள்ள, அவளைக் கூட்டிட்டு வா. உன்னை ஒண்ணும் கேக்க மாட்டேன். யார்கிட்டயும் ஒண்ணும் சொல்ல மாட்டேன். கூட்டிட்டு மட்டும் வா."

அப்போது மணி இரண்டு. காரில் பெட்ரோல் இருந்தது. என் கைபேசியில் சிக்னல் இருந்தது. ஆம்புலன்ஸ் அரை மணியில் வந்திருக்கும் என்று நீங்கள் சொன்னது சரி. ஆனால் ஆம்புலன்ஸ் வந்தால் ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரி என்றால் மகளைத் தேடுவார்கள், அதன் பிறகு ஆரஞ்சு மரம். நான் விறகு போட்டேன். தேநீர் வைத்தேன், அவர் குடிக்கவில்லை. இரண்டு மணியிலிருந்து இருட்டத் தொடங்கும்வரை கூப்பிட்டுக்கொண்டே இருந்தார், என்னை அல்ல. டாக்டர் இயற்கை மரணம் என்று எழுதினார். அப்படியில்லை. நான்தான் கொன்றேன். இதை எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் ரலிட்சாவிடம் ஒன்று சொல்ல வேண்டும். அவள் அம்மா தனியாகச் சாகவில்லை. முழு நேரமும் நான் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்திருந்தேன். கடைசியில் அவர் கையை இழுத்துப் போர்வைக்குள் வைத்துக்கொண்டார். நான் மறுபடி எடுத்தேன், மறுபடியும் இழுத்துக்கொண்டார். வலி தாங்காமல்தான் இருக்கும்.