மிஸ்ரியாவுக்கு வந்த பதில்

டீயில் சர்க்கரை தூக்கலாக இருக்கும், மேடம். மிஸ்ரியாவுக்குப் போட்டுப் பழகிய கை. அவள் கல்யாணமாகிப் புளியங்குடிக்குப் போன பிறகும் அதே அளவுதான் அள்ளுகிறது.

நீங்கள் அவளுடைய ஸ்பானிஷ் பேராசிரியை என்பது நீங்கள் வாசலில் பேர் சொல்லும் முன்பே தெரிந்துவிட்டது. அந்தக் குரலை ஒன்றரை வருடம் கேட்டிருக்கிறேன். கொரோனா காலத்தில் என் தங்கையின் பி.ஏ. வகுப்புகள் இந்த அறையில்தான் நடந்தன. அவள் கட்டிலில் லேப்டாப்போடு உட்கார்ந்திருப்பாள். நான் கீழே அமர்ந்து தறிக்காரர்களுக்கு நூல் சுற்றுவேன். நீங்கள் சொல்வதை மாணவர்கள் திருப்பிச் சொல்வார்கள். நானும் சொல்வேன், வாய்க்குள்.

பிளஸ் டூவில் எங்கள் பள்ளியில் நான்தான் முதல். அந்த வருடம் உம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. படிப்பை நிறுத்து என்று யாரும் சொல்லவில்லை. போய்ப் படி என்றும் சொல்லவில்லை. வருத்தப்பட்டுச் சொல்லவில்லை மேடம், நடந்தது அவ்வளவுதான்.

மிஸ்ரியா என்னோடு பேசித்தான் அந்த மொழியைப் பழகினாள். ரத வீதியில் எதிரே வருகிறவர்களைப் பற்றி ஸ்பானிஷில் புறம் பேசிக்கொண்டே நடப்போம். பூக்கடைக்காரர், "மலையாளமா மக்கா?" என்பார். வீடு வரைக்கும் சிரித்துக்கொண்டு வருவோம்.

பிறகு நேர் வகுப்புக்கு ஹைதராபாத் போனாள். முதல் விடுமுறைக்கு வந்தபோது முகமே சரியில்லை.

"நான் பேசுததக் கேட்டு கேலி பண்ணுதாளுவ லாத்தா. ஸ்பானிஷுல சண்ட போடுத மாதிரி இருக்காம். ஊர் வாடை வீசுதாம்."

இதை அக்கா என்னிடம் மட்டும்தான் சொன்னாள்.

நீங்கள் பரிந்துரை எழுதி, ஸ்பெயினில் ஒரு வருடம் படிக்க விண்ணப்பித்தாளே, அந்தப் பதிலுக்காக விடுமுறையில் வீட்டில் காத்திருந்த நாட்களில் மெயிலைத் திறக்கவே அவளுக்குப் பயம்.

"நீயே பாரு லாத்தா. இல்லன்னு வந்தாலும் உன் வாயால கேட்டா தாங்கிக்கிடுவேன்."

தினமும் காலையில் நான் பார்த்தேன். ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. இடம் உண்டு, பத்து நாளில் உறுதி செய்ய வேண்டும்.

"வந்துட்டா?"

"இன்னும் இல்லட்டி."

அவளை நினைத்துத்தான் அப்படிச் சொன்னேன். குளிர் தாங்கமாட்டாள். காய்ச்சல் வந்தால் அங்கே கஞ்சி வைத்துக் கொடுக்க யார் இருக்கிறார்கள்? மூன்று நாள் யோசித்தேன். பிறகு, குடும்பச் சூழ்நிலையால் வர இயலவில்லை என்று அவள் பேரில் பதில் எழுதிவிட்டு இரண்டையும் அழித்தேன். உங்களுக்கு அவர்கள் அனுப்பி, நீங்கள் கையில் வைத்திருப்பது அந்தப் பதில்தான்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் காலையில் எழுந்ததும் என் முகத்தையே பார்ப்பாள். பாவமாக இருந்தது. அதனால் பல்கலைக்கழகம் எழுதுவதுபோல, புது முகவரி ஒன்றிலிருந்து, அவளுக்கு ஸ்பானிஷில் ஒரு கடிதம் அனுப்பினேன். வெறுமனே இடமில்லை என்றால் அடுத்த வருடமும் விண்ணப்பிப்பாள். காரணம் ஒன்று வேண்டியிருந்தது. உங்கள் உச்சரிப்பில் சொந்த ஊரின் சாயல் அதிகம், அது இனி மாறும் என்று எங்களுக்குத் தோன்றவில்லை என்று எழுதினேன்.

வந்திருக்கிறது என்று மட்டும் சொன்னேன். அவளே திறந்து, என் மடியில் தலைவைத்து அதை எனக்கு வரி வரியாகத் தமிழில் சொன்னாள். ஒரு வார்த்தை அவளுக்குப் புரியவில்லை. நான் எடுத்துக்கொடுத்தேன். உனக்கு எப்படித் தெரியும் என்று அவள் கேட்கவில்லை.

"எவ்வளவு மரியாதையா எழுதிருக்காங்க பாரு," என்றாள். அதற்குப் பிறகுதான் அழுதாள்.

ஹைதராபாத்துக்குத் திரும்பிப் போகவில்லை. உங்கள் போனையும் எடுக்கவில்லை. நோட்டுகளையும் அகராதியையும் என்னிடம் கொடுத்துவிட்டாள். "நீ வச்சுக்க லாத்தா. உனக்குத்தான் நாக்கு நல்லா திரும்புது." அதோ, அட்டை போட்டு வைத்திருக்கிறேன்.

ஒரு நாள் போனில், எப்படி இருக்கிறாய் என்று ஸ்பானிஷில் கேட்டேன்.

"அத எங்கிட்டப் பேசாத லாத்தா. மூச்சு அடைக்கி."

இப்போது யாரிடம் பேசினாலும் வாயைக் கையால் மறைத்துக்கொள்கிறாள். தன் கைக்குழந்தையிடம் பேசும்போதுகூட. தமிழ் பேசும்போதும் அப்படித்தான்.

பக்கத்தில் இருக்கட்டும் என்றுதான் செய்தேன் மேடம். பஸ் ஏறினால் போய்ப் பார்த்துவிடலாம். நீங்கள் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லுங்கள், நான் தடுக்கமாட்டேன். முகவரி எழுதித் தருகிறேன்.

அதற்கு முன் இதைப் பாருங்கள். அவளுக்கு அனுப்பிய கடிதத்தின் பிரதி, என் கையெழுத்தில். எழுத எனக்கு ஆறு நாள் ஆயிற்று. அவளுடைய தாள்களையெல்லாம் திருத்தியிருக்கிறீர்கள். இதையும் ஒருமுறை திருத்தித் தருவீர்களா? இந்தாருங்கள், சிவப்புப் பேனா.