பேசாமல் வந்த தூரம்

தூக்கம் வந்தால் தூங்கிவிட வேண்டும் ஐயா. அதற்கு வேறு மருந்து கிடையாது. முகத்தில் தண்ணீர் அடிப்பது, ஜன்னலைத் திறந்து வைப்பது, பாட்டைச் சத்தமாகப் போடுவது எல்லாம் கொஞ்ச தூரத்துக்குத்தான். டீ குடித்தால் இன்னும் கொஞ்ச தூரம். வண்டியை ஓரங்கட்டி, கண்ணை மூடிக் கால் மணி நேரம் கிடந்து எழுந்தவன்தான் வீடு போய்ச் சேருவான். இனிமேல் இப்படி நடக்காமல் இருக்க என்ன செய்யலாம் என்று அன்றைக்கு ஸ்டேஷனில் கேட்டீர்கள். இதைத்தான் செய்ய வேண்டும். நீங்கள் கேட்காததையும் சேர்த்து எழுதிவிடுகிறேன்.

எங்கள் மரக்கடையில் ஒரு வழக்கம் உண்டு. பலகை ஏற்றிய லாரி வெளியே போனால் டிரைவர் பக்கத்தில் ஓர் ஆள் இருந்தாக வேண்டும். சரக்கை இறக்குவதற்கு மட்டும் இல்லை. வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்து டிரைவரைத் தூங்க விடாமல் பார்த்துக்கொள்வதும் அவன் வேலை. அந்த இடத்துக்குப் பேச்சு சீட்டு என்று பெயர். முதுகு போன பிறகு என்னைப் பலகை தூக்க யாரும் கூப்பிடுவதில்லை. பேச்சு சீட்டுக்கு மட்டும் என்னைத்தான் கேட்பார்கள். கடையில் எனக்குப் பெயரே ரேடியோ. வண்டி கிளம்பும்போது வாட்ச்மேன், "என்ன ரேடியோ, பேட்டரி எல்லாம் போட்டாச்சா?" என்று தினமும் கேட்பார். "உங்க வாய்ல இருந்து ரெண்டு கழட்டிக் குடுங்க, போதும்" என்பேன்.

தூக்கம் சொல்லாமல் வராது. முதலில் டிரைவர் கழுத்தைத் தடவுவான். நன்றாக இருக்கிற கண்ணாடியைத் திருப்பி வைப்பான். பிறகு, கேட்டதற்குப் பதில் ஒரு மூச்சு தாமதமாக வரும். கடைசியில் கண் திறந்துதான் இருக்கும், ஆள் உள்ளே இருக்க மாட்டான். அந்த நேரம் பார்த்து அவன் மாமனார் வீட்டைப் பற்றி ஏதாவது இழுத்துவிடுவேன். கோபம் வந்தால் தூக்கம் ஓடிவிடும். என் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டிய யாருக்கும் இந்த விபத்து வரை ஒன்றும் ஆனதில்லை.

அன்றைக்கு ஓட்டிய டிரைவருக்கு மாமனார் நான்தான். என் ஒரே மகளைக் கட்டியவர். அவர் மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது. குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார். என் வீட்டிலேயே இருந்தார்கள். மனைவி போன பிறகு, காலையில் மகள் குடத்தில் தண்ணீர் பிடிக்கும் சத்தத்தில்தான் நான் கண் விழிப்பது. அந்தச் சத்தம்தான் எனக்கு வீடு. சாயங்காலம் சமையல்கட்டு வாசலில் உட்கார வைத்து எனக்கு எழுத்து சொல்லிக்கொடுத்ததும் அவள்தான். இதை நான் யார் உதவியும் இல்லாமல் எழுதுகிறேன் என்றால் அவளால்தான்.

அப்படி உட்கார்ந்திருந்த ஒரு நாள்தான் சொன்னாள்.

"அப்பா, அவருக்குத் துறைமுகத்துல வேலை கெடைச்சிருக்கு. வீடும் குடுக்கறாங்களாம். அடுத்த மாசம் கெளம்பறோம்."

"ரொம்ப தூரமாச்சேம்மா."

"ரயில்ல ஒரு ராத்திரி. நீங்களும் வாங்கன்னா வர மாட்டீங்க."

வாங்க என்று அவள் கேட்கவே இல்லை. நல்லது என்றேன். மாப்பிள்ளையிடமும் நல்லது என்றுதான் சொன்னேன்.

அந்த வாரம் பேரக்குழந்தைக்குக் காய்ச்சல். ராத்திரியெல்லாம் தோளில் போட்டு நடந்தது மாப்பிள்ளைதான். அன்றைக்கு வேலைக்கு வரும்போதே கண் சிவந்திருந்தது. லீவு கேட்கலாமா என்றார். "மாசக் கடைசில லீவு கேட்டா மேஸ்திரி மூஞ்சியைக் காட்டுவான் மாப்பிள்ளை. நான் பக்கத்துல இருக்கேன்ல" என்றேன்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கிளம்பினோம். வெயிலும் வயிற்றுச் சோறும் சேர்கிற அந்த நேரத்தை டிரைவர்கள் ராத்திரியைவிட மோசம் என்பார்கள். பாதி வழியில் கழுத்தைத் தடவினார்.

"மாமா, கண்ணு சொருகுது. அந்த மரத்தடியில போட்டுட்டு கொஞ்ச நேரம் கண்ணசந்துட்டுப் போயிடலாமா?"

மரம் நல்ல மரம். இடமும் இருந்தது.

"சரக்கு எறக்க ஆளுங்க காத்துக்கிட்டு இருப்பாங்க மாப்பிள்ளை. நான்தான் பேசிக்கிட்டே வர்றேனே."

"அதுவும் சரிதான். ரேடியோவையே வீட்டுல வச்சிருக்கேன், எனக்கென்ன பயம்" என்று சிரித்தார். மரம் பின்னால் போய்விட்டது.

கொஞ்ச தூரம் பேசினேன். குழந்தை சிரிப்பதைப் பற்றி, துறைமுகத்து வீட்டைப் பற்றி. குரலை மட்டும் மெல்ல மெல்ல இறக்கிக்கொண்டே வந்தேன். ஜன்னலை ஏற்றிவிட்டேன். பிறகு பேசுவதை நிறுத்தினேன். அவர் கண்ணாடியைத் திருப்பினார். ஒரு முறை "சொல்லுங்க மாமா" என்றார். நான் சொல்லவில்லை. பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டேன். கொக்கி விழுகிற சத்தம் கேட்காமல் இருக்க உள்ளங்கையால் பொத்திக்கொண்டேன். மாப்பிள்ளைக்குப் பெல்ட் போடுகிற பழக்கம் கிடையாது. தினமும் நான்தான் ஞாபகப்படுத்துவேன். அன்றைக்குச் சொல்லவில்லை.

ரோடு வலது பக்கம் வளைந்தது. வண்டி வளையவில்லை. அவர் முகம் குழந்தை முகம் மாதிரி இருந்தது. போய் இடித்தது பாலத்துச் சுவரில். அதற்கு முன்னால் இருந்த நிழற்குடையில் பஸ்ஸுக்கு நின்றிருந்த தையல்காரம்மாவை நான் நினைக்கவே இல்லை. அவர் மேலும் வண்டி ஏறிவிட்டது. அதில் எனக்கு வருத்தம் உண்டு.

நான் செய்தது எதுவும் இல்லை என்று முதலில் நினைத்தேன். ஸ்டியரிங்கைத் தொடவில்லை, பிரேக்கைத் தொடவில்லை. வாயை மூடிக்கொண்டிருப்பது குற்றமா? ஆஸ்பத்திரி வராந்தாவில் மகள் என் முன்னால் வந்து நின்றாள். அழவில்லை.

"அப்பா, நீங்க பேசிக்கிட்டுத்தானே வந்தீங்க?"

"பேசிக்கிட்டேதாம்மா வந்தேன்."

"அப்புறம் எப்படித் தூங்கினாரு?"

அதற்குப் பிறகு அவள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. காரியமெல்லாம் முடிந்ததும் இனி இங்கேதான் இருப்பாள் என்று நினைத்திருந்தேன். நேற்றுக் குழந்தையின் துணிகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். துறைமுகத்துக் கம்பெனியில் இவளுக்குப் பேக்கிங் வேலை தருகிறார்களாம். புருஷன் பார்த்து வைத்த வீட்டில் இருக்கப்போகிறேன் என்றாள். நான் என்ன செய்வேன் என்று கேட்டேன். "இருந்துக்குவீங்கப்பா" என்றாள். அவ்வளவுதான்.

அதனால்தான் இன்றைக்கு மறுபடி ஸ்டேஷனுக்கு வந்து இதை எழுதிக் கொடுக்கிறேன். டிரைவர் அசதியில் தூங்கியதால் விபத்து என்று எழுதி முடிக்கப்போவதாகச் சொன்னீர்கள். அப்படி எழுதாதீர்கள். மாப்பிள்ளை கவனமான டிரைவர். தூக்கம் வருகிறது, நிறுத்தலாமா என்று கேட்டவர். நிறுத்த விடாமல் செய்தது நான். தூங்கட்டும் என்று வாயை மூடியதும் நான். தெரிந்தேதான் செய்தேன்.

என்னை எங்கே வைப்பீர்கள் என்று உங்கள் ஏட்டையாவிடம் கேட்டேன். இந்த ஊர் ஜெயிலில்தான் என்றார். சொந்தக்காரர்கள் வந்து பார்க்கலாமாம். அது போதும். பெற்ற அப்பனை உள்ளே வைத்துவிட்டு ஒரு ராத்திரி ரயில் தூரத்துக்கு எந்த மகளும் போக மாட்டாள். முதலில் கோபப்படுவாள். பிறகு வந்துவிடுவாள் ஐயா. என்னை விட்டால் அவளுக்கு இப்போது யார் இருக்கிறார்கள்.