துணியே சொல்லட்டும்

மச்சான், உங்கள் தங்கை குடையை இங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டாள். கதவுக்குப் பின்னால்தான் தொங்குகிறது. நடந்ததை மறைக்காமல் எழுதிக் கொடுத்தால்தான் அவளை அனுப்புவேன் என்றீர்கள். மறைக்க என்ன இருக்கிறது, எழுதுகிறேன்.

நான் வீட்டிலேயே தைத்துப் பிழைக்கிறவன். முன்னறையில் தையல் மெஷின், அதன் பக்கத்தில் நான் வாங்கிப் போட்ட உடற்பயிற்சி சைக்கிள். இதை வைத்துக்கொண்டு அவள் ஜிம்முக்குப் போகிறேன் என்று கிளம்பினாள். போனால் போகட்டும். வரும்போது சிரித்துக்கொண்டே வந்தாள். "அங்க ஒரு அக்கா இருக்காங்க, அவங்க பேசினா வயிறு வலிக்கச் சிரிக்கலாம்" என்றாள். என்னோடு பதினோரு வருஷமாகக் குடும்பம் நடத்துகிறாள், ஒரு நாளும் அவளுக்கு அப்படி வயிறு வலித்ததில்லை. உள்ளதைச் சொல்கிறேன், எனக்குப் பொறாமை.

"மூணு மாசம் பாக்கலாம். நான் வீட்டுல, நீ ஜிம்முல. யார் இளைக்கலையோ அவங்க அடுத்தவங்க வழிக்கு வந்துடணும்" என்றேன்.

"சரி. எடை மெஷின் எல்லாம் வேணாம். துணியே சொல்லட்டும்" என்றாள்.

ஒரு தையல்காரனிடம் போய் அப்படிச் சொல்லலாமா, நீங்களே சொல்லுங்கள்.

அவள் ஜிம்மில் இருக்கும் ஒரு மணி நேரத்தில், அவள் ஆபீஸுக்குப் போட்டுக்கொண்டு போகும் பேன்ட்களில் இடுப்பைக் கால் அங்குலம் பிடித்தேன். கால் அங்குலம் ஒரு குற்றமா? வாடிக்கையாளர்களுக்குக் கை தவறியே அதைவிட அதிகம் பிடித்திருக்கிறேன். அதே நிற நூல். பழைய தையல் தடத்தின் மேல் ஈரத்துணி வைத்து ஒரு தேய்ப்பு. இரண்டு வாரம் கழித்து இன்னொரு கால் அங்குலம். சுத்தமான வேலை மச்சான், பெருமைக்குச் சொல்லவில்லை.

கண்ணாடி முன்னால் நின்று மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு கொக்கியை மாட்டப் பார்ப்பாள். மாட்டாது. "என்னங்க, எனக்கு மட்டும் ஏன் ஏறிக்கிட்டே போகுது?" என்பாள். "சிலருக்கு ஜிம் ஒத்துக்காதும்மா" என்று தேற்றினேன். சாப்பாட்டைப் பாதியாகக் குறைத்தாள். மீதி வீணாகக் கூடாதே என்று அதையும் நான் சாப்பிட்டேன். ஒரு நாள் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். தண்ணீர்ச் சத்தத்தையும் மீறிக் கேட்டது. அன்றைக்கே நிறுத்தியிருக்கலாம்தான். ஆனால் நான்காவது தடவைக்கு அன்றுதான் தேதி. தையல்காரர்களிலேயே சொன்ன தேதியைத் தவறவிடாதவன் நான்.

பேன்ட் இடுப்பைப் பிரித்துப் பெரிதாக்கச் சொல்லி என்னிடம் கேட்க அவளுக்கு வெட்கம். கடைத்தெருவில் இன்னொரு தையல்காரரிடம் கொண்டுபோயிருக்கிறாள். எனக்கு மனசு விட்டுப்போனது அங்கேதான். வீட்டிலேயே ஆள் இருக்கும்போது வெளியே போவானேன்? அந்த ஆளும் சும்மா இல்லாமல், "இதை நாலு தடவை பிடிச்சிருக்காங்களேம்மா" என்று சொல்லித் தொலைத்துவிட்டார். எல்லாத் தையலையும் பிரிக்கச் சொல்லி, அங்கேயே போட்டுக்கொண்டு, நழுவுகிற இடுப்பை ஒரு கையால் பிடித்தபடி வீட்டுக்கு வந்தாள். திட்டவில்லை. "அப்போ நான் இளைச்சுத்தான் இருந்திருக்கேன்" என்றாள். பிறகு பெட்டியை எடுத்தாள்.

ஆக, செய்தது நான்தான். அவள் இல்லாமல் வீடு வீடாக இல்லை. இனி அவள் ஜிம்முக்கே போகட்டும், அந்த அக்காவோடு வயிறு வலிக்கச் சிரிக்கட்டும், அனுப்பி வையுங்கள்.

ஆனால் பந்தயத்தில் தோற்றேன் என்று மட்டும் எழுத மாட்டேன். என் பேன்ட் மூன்று மாதத்துக்கு முன்னால் இருந்த மாதிரியே இன்றும் கச்சிதமாக நிற்கிறது. நடுவில் மூன்று தடவை இடுப்பைப் பிரித்துவிட்டது சைக்கிள் மிதிக்கும் வசதிக்காக; அதற்கும் உடம்புக்கும் சம்பந்தமில்லை.