பாத்துட்டேன், துன்னு

ராயபுரத்தில் தக்காளியைப் பதமாகச் சுண்ட வதக்கத் தெரிந்தவன் வால்டர் ஒருவன்தான், சார். இத்தாலிக் கப்பலில் வெகுகாலம் சமையல்காரனாக இருந்துவிட்டு வந்து, மாதா கோயிலுக்குப் பின்தெருவில் தன் வீட்டு முன்னறையிலேயே கடை போட்டான். நாலைந்து மேசை. கயிறு மாதிரி நீளமான சேமியாவை வேகவைத்து, மேலே தக்காளியும் பூண்டும் ஊற்றித் தருவான். எல்லோருக்கும் அது இத்தாலிக் கடை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தால் சவரிநாதனும் நானும் நேரே அங்கேதான். வியாசர்பாடியிலிருந்து குணசேகரனும் வந்துவிடுவான், ரயில்வேக்காரன். சவரியும் நானும் துறைமுகத்தில் ஒரே கேங்கில் மூட்டை இறக்குகிறவர்கள். ஒரே சந்தில் பிறந்தவர்கள்.

சவரிக்கு இறால் ஆகாது. சின்ன வயதில் காசிமேட்டில் ஒரு இறால் வடையைக் கடித்தான். தொண்டை வீங்கி முகமெல்லாம் நீலம் பாரித்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியது நான். அன்றிலிருந்து கல்யாண வீடோ கருமாதி வீடோ, அவன் தட்டில் விழுவதை முதலில் நான் வாயில் வைத்துப் பார்ப்பேன். "லூர்து கீறான், எனக்கு இன்னா கவலை?" என்பார் அவன் அம்மா ஃப்ளோரா. யாரும் என்னிடம் ஒப்படைத்த வேலையில்லை. நானாக எடுத்துக்கொண்டது.

வால்டர்தான் அவனுக்குக் கப்பலில் வேலை பிடித்துக் கொடுத்தான். சவரி என்னிடம் தனியாகச் சொல்லவில்லை. கடையில் எல்லோர் முன்னாலும் சொன்னான்.

"நைனா, கப்பல் ஏறப் போறேன். ஜெனோவா."

"எப்போ திரும்பி வருவே?" என்று கேட்டேன்.

"வந்து இன்னா பண்றது? இங்க இன்னா கீது?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இங்கே என்ன இருக்கிறது என்று அவன் கேட்டபோது நான் அவனுக்கு எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன், சார்.

புறப்படுவதற்கு முந்தைய ஞாயிறு அவனுக்கு விருந்து. வழக்கம்போல் அடுப்படிக்குப் போனேன். வால்டரின் பெண்சாதி ஹில்டா அக்கா, "வாப்பா, டேஸ்ட்டு பாரு" என்று சிரித்து வழிவிட்டார். சென்னாக்குனி என்று விற்கிறார்களே, பொடி இறால் கருவாடு, அதை வறுத்து இடித்துக் காகிதத்தில் மடித்துக் கொண்டுபோயிருந்தேன். சவரியின் தட்டில் தக்காளியோடு சேர்த்துக் கிளறினேன். பூண்டு வாசனையில் எதுவும் தெரியாது. தட்டை நானே கொண்டுவந்து வைத்தேன்.

"பாத்துட்டியா மாமு?" என்றான்.

"பாத்துட்டேன், துன்னு."

அது பொய்யில்லை. ருசி பார்த்துவிட்டுத்தான் சொன்னேன்.

ரசித்துச் சாப்பிட்டான். "இன்னிக்கு சூப்பரா கீது வால்டர்" என்றான். பிறகு கழுத்தைத் தடவினான். நாற்காலி சாய்ந்தது. குணசேகரன் டாக்சி தேடித் தெருவுக்கு ஓடினான். நான் சவரியின் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். டாக்சி வருமுன்னே முடிந்துவிட்டது.

வால்டரைப் பிடித்து உள்ளே வைத்திருக்கிறீர்கள். விட்டுவிடுங்கள். அவன்மேல் இரக்கப்பட்டு வந்தேன் என்று நினைக்க வேண்டாம். சவரியைக் கப்பலேற்றப் பார்த்தவன் அவன். இங்கேயே நிறுத்தியவன் நான். என் காரியத்தை அவன் பேரில் எழுதக் கூடாது.

கப்பலைத் தவறவிடட்டும் என்றுதானே நினைத்தாய் என்று கேட்கிறீர்கள். எனக்குச் சாதகமாகக் கேட்கிறீர்கள், புரிகிறது. தேவையில்லை. இன்னொரு தரம் இறால் பட்டால் பிள்ளை பிழைக்காது என்று அன்று ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னபோது ஃப்ளோரா அம்மாவுக்குப் பக்கத்தில் நின்றவன் நான். ஒரு சொல்கூட மறக்கவில்லை. வருத்தமும் இல்லை. சாமியாரிடமும் இதையேதான் சொன்னேன்; அவர் எழுந்து போய்விட்டார்.

எல்லோரும் என்னைத் திட்டுகிறார்கள். ஜெனோவாவில் அவன் தட்டை யார் பார்த்திருப்பார்கள்?

கடைசிவரை அவன் என் கையை விடவில்லை, சார். விரலைப் பிரித்துத்தான் எடுத்தார்கள். தள்ளிவிடத்தான் பிடித்தான் என்கிறான் குணசேகரன். அவனுக்குச் சவரியைப் பற்றி என்ன தெரியும்?