கத்தரிப்பூ நிற வீடு

"வீடு முழுக்கக் கத்தரிப்பூ நிறம் அடிச்சுப்போட்டன்."

ஊர்காவற்றுறையிலிருந்து காரைநகருக்குப் போகும் படகில், எனக்கு முன்னால் நின்ற ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண்தான் இதைச் சொன்னார். கூட வந்த இளையவர் வாயைப் பொத்திக்கொண்டார்.

"விசரே அக்கா உங்களுக்கு? உங்கட ஆக்கள் என்ன சொன்னவை?"

"கனடா அண்ணை வெள்ளைதான் எண்டார். பிரான்சில இருக்கிற தங்கச்சி, அங்க எல்லாரும் சாம்பல்தான் அடிக்கினம் எண்டாள். லண்டன் தம்பி போனில இருக்கிற ஏ.ஐ.யிட்டைக் கேட்டு மூண்டு நிறம் அனுப்பினவன். ஒரு கிழமையா வாட்ஸ்அப்பில ஒரே சண்டை."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"என்னை ஆர் கேட்டது? அந்த வீட்டில இருக்கிறது நான் ஒருத்திதான். கடையில போய் நிண்டு, 'உனக்கு என்னடி பிடிக்கும்?' எண்டு என்னையே கேட்டன். மறுமொழி வரேல்லைப் பிள்ளை! பத்து நிமிசம் நிண்டனான். பிறகு கை தன்ரபாட்டில போய் இந்தக் கத்தரிப்பூ பெயின்ற் வாளியைத் தூக்கிச்சுது."

இருவரும் சிரித்த சிரிப்பில் படகோட்டியே திரும்பிப் பார்த்தார்.

"படம் அனுப்பினீங்களே?"

"காலமை அனுப்பினனான். மூண்டு பேரும் பாத்திட்டினம். ஒரு சத்தமும் இல்லை."

அந்த நேரம் பார்த்து அவருடைய போன் கிணுகிணுத்தது. எடுத்துப் பார்த்தவர் சிரிப்பை நிறுத்தினார்.

"ஆர் அக்கா? அண்ணையே?"

"தங்கச்சி. எனக்கு மட்டும் தனியா எழுதியிருக்கிறாள்."

படகுச் சத்தத்துக்கு மேலாக அவர் உரக்க வாசித்தார்:

"'அக்கா, எனக்கும் சாம்பல் பிடிக்காது. இஞ்ச ஒருத்தருக்கும் சொல்லேல்லை.'"